வெளியே போன எறாச் சட்டி

என் பேத்தி இப்போதெல்லாம் பிஸ்கட் பொட்டலத்தை முதுகுப் பக்கம் திருப்பி, இதில் பால் இருக்கிறது, கோதுமை இருக்கிறது, கடலை இருந்தாலும் இருக்கலாம் என்று எனக்குப் படித்துக் காட்டுகிறாள். சிலருக்குச் சில பண்டம் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்காக அச்சடித்த எச்சரிக்கையாம் அது. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் கல்யாணமாகி மரக்காணம் உப்பளத்துப் பக்கம் வந்தபோது, சட்டியில் இருப்பதைத் தின்ன வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்கும் அந்த எச்சரிக்கையைச் சொல்ல ஆள் இருந்தார்கள். ஒரு தெருவே இருந்தது. அந்தத் தெருவையும், எல்லாரையும்விட என் மாமனாரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது வானூருக்கு மேற்கே, மல்லாட்டை விளைகிற ஊரில். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கூழுக்குத் தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல், மழைக்கு வறுத்த மல்லாட்டை, பசித்தால் அவித்த மல்லாட்டை. கூடைக்காரி வருகிற அன்று மட்டும் கருவாடு. எறாவை, புத்தகத்தில் இறால் என்பார்கள், நான் உயிரோடு பார்த்ததே புருஷன் வீட்டுக்கு வந்த பிறகுதான். இத்தனை மீசையோடு ஒரு பிராணியா என்று சிரித்தேன். அது பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தது.

என் மாமனார் அளத்தில் உப்பு வாருகிறவர். பாத்திக்குத் தண்ணீர் பாய்ச்ச உப்பங்கழியிலிருந்து வாய்க்கால் வரும். தண்ணீரோடு எறாவும் ஏறி வரும். வேலை முடிந்து வாய்க்காலில் இறங்கிக் கையாலேயே தடவிப் பிடித்து, துண்டில் முடிந்துகொண்டு வருவார். மனுஷனுக்குக் குரலும் பெரிது, நாக்கும் நீளம். எறாக் குழம்பு கொதிக்கும்போது அடுப்பங்கரை வாசலை விட்டு நகர மாட்டார். மாமியாரிடம் அதற்கென்றே ஒரு பழைய மண்சட்டி இருந்தது. அந்தச் சட்டியில் வைத்தால்தான் அது குழம்பு, மற்றதெல்லாம் வெந்நீர் என்பார்.

புது மருமகள் என்று என்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அந்த வீட்டில் பிரியத்தைக் காட்ட ஒரே வழிதான் உண்டு. "அந்தப் பெரிய எறாவ எனக்குப் போடாத, பொண்ணுக்கு வை. வெளச்சல் இல்லாத ஊர்லேர்ந்து வந்திருக்குது, நல்லாத் தின்னட்டும்" என்பார். எங்கள் ஊரில் விளைச்சல் இல்லையா என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் தின்றேன். ருசியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சாப்பிட்ட கையோடு உதடு நமைக்கத் தொடங்கியது. அப்புறம் கழுத்தில், இடுப்பில் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பியது. "உப்புக் காத்து ஒத்துக்கல. புதுசா வர்றவங்களுக்கு அப்டித்தான்" என்றார்கள். நானும் அளத்துக்குக் கூடை சுமக்கப் போய்க்கொண்டிருந்தேன். கையும் காலும் வெடித்து எரிகிற இடத்தில், தடிப்பு வந்தால் உப்பைத்தானே எவரும் குற்றம் சொல்வார்கள்?

ஆனால் எனக்குள் வேறு பயம் இருந்தது. எங்கள் ஊரில் எனக்கு முன்னால் கல்யாணமாகிப் போன ஒருத்தியை, உடம்பு சரியில்லாதவள் என்று துணி மூட்டையோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் கிணற்றடிக்குக்கூட ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வருவாள். என்னையும் அப்படி அனுப்பிவிட்டால்? என் புருஷனை எனக்குப் பிடித்திருந்தது. அதிகம் பேசாத மனுஷர், ஆனால் நான் சுமந்து வரும் கூடையை வழியிலேயே வாங்கிக்கொள்கிற மனுஷர். இதையெல்லாம் வெளியே சொல்வது அந்தக் காலத்தில் வெட்கக்கேடு, இப்போது சொல்கிறேன். அவரை விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே தடிப்புகளைப் புடவையால் மூடிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. முகத்தை எந்தப் புடவையால் மூடுவது? மாமியார் பார்த்ததும், "அய்யய்யோ, காணாக்கடிடி இது" என்றார். கண்ணுக்குத் தெரியாத பூச்சி எதுவோ கடித்துவிட்டுப் போவதற்குக் காணாக்கடி என்று பெயர். பக்கத்துக் குப்பத்தில் மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போனார்கள். அவர் வேப்பிலையால் தடவி, வாயில் துளசி போட்டு, பத்தியம் சொன்னார். கரப்பான் பண்டம், அதாவது அரிப்பைக் கிளப்புகிற பண்டம், எதுவும் கூடாது. எறா, நண்டு, கருவாடு, கத்திரிக்காய், மல்லாட்டை.

அந்தக் கடைசிப் பெயரைத்தான் மாமியார் பிடித்துக்கொண்டார். என் அம்மா அனுப்பிய மல்லாட்டை மூட்டை ஒன்று வீட்டு மூலையில் இருந்தது. "நான் அப்பவே நெனச்சேன், இவ எந்நேரமும் அதைத்தான் கொறிக்கிறா" என்று அதைத் தூக்கி மாட்டுக் கொட்டகையில் போட்டார். விஷயம் தெரிந்து என் அம்மா சொல்லியனுப்பியது: "எம் பொண்ணு மல்லாட்டையிலதான் பொறந்து வளந்தா. அந்த ஊர்க் கடத்தண்ணிதான் ஆகல." இரண்டு சம்பந்திகளும் அவரவர் ஊரை விட்டுக்கொடுக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது அந்த மூட்டைக்குத்தான் பொருந்தும்.

பத்தியத்தில் உடம்பு கண்ணாடி போல ஆகிவிட்டது. எல்லாரும் மந்திரத்தைப் புகழ்ந்தார்கள். பத்தியம் முடிந்தால் அதை நல்ல சாப்பாட்டோடு முறிக்க வேண்டும் அல்லவா? மாமனார் அன்றைக்கு அளத்துக்கே போகாமல் வாய்க்காலில் கிடந்து, கை நீளத்துக்கு எறா கொண்டுவந்தார். மறுபடியும் தடிப்பு, மறுபடியும் வீக்கம். மறுபடியும் வேப்பிலை, பத்தியம், குணம். அப்புறம் மறுபடியும் மாமனாரின் பிரியம். இது மாதக் கணக்கில் நடந்தது. நடுவில் வெறும் கீரைக்கடைசல் தின்ற அன்றைக்கும் தடித்தது. மீன் தின்றால் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே எறாவை யாருமே சந்தேகப்படவில்லை.

"பூச்சி வூட்டுக்குள்ளதான் குந்திக்கினு இருக்குது" என்று முடிவு கட்டினார் மாமனார். பாயை வெயிலில் போட்டார்கள். மூலை முடுக்கெல்லாம் புகை போட்டார்கள். நான் இருமினேன், பூச்சி இருமவில்லை. கடைசியில் எல்லார் கண்ணும் கூரைக்குப் போனது. போன வருஷம்தான் வேய்ந்த கூரை. நல்ல கீற்று. இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கும். "போனா போவுது, பொண்ணு முக்கியமா கீத்து முக்கியமா" என்று மாமனார் கூரையைப் பிரிக்கத் துணிந்துவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. என்னால் ஒரு வீட்டின் கூரை போகிறதே என்ற அழுகை.

உறவுக்காரர்கள் வந்து கூரை பிரித்தார்கள். நம் வீட்டுக்கு அவர்கள் வருவார்கள், அவர்கள் வீட்டுக்கு நாம் போவோம். கூலி கிடையாது, சாப்பாடுதான். அந்தச் சாப்பாடு என்னவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கீற்றை உதறிப் பார்த்ததில் இரண்டு பூரானும் ஒரு பல்லிக் குடும்பமும் கிடைத்தன. "இதோ, இதான்யா" என்று பூரானைக் குச்சியில் தூக்கிக்கொண்டு மாமனார் தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். எனக்கும் நிம்மதிதான். எதிரி பிடிபட்டுவிட்டான், இனி என்னை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்தேன்.

மத்தியானம் ஆண்கள் தின்று முடித்த பிறகு பெண்கள் உள்ளே உட்கார்ந்தோம். தலைக்குமேலே வெறும் மூங்கில் சட்டம், அதற்குமேலே வானம். மாமனார் தானே வந்து, எழுந்திருக்கப் போன என்னை உட்காரச் சொல்லிவிட்டு, என் தட்டில் ஒரு பெரிய எறாவை வைத்தார். "பூச்சி போச்சு, இனிமே பயமில்லாம தின்னு." அதைத் தின்றுவிட்டு அடுத்த கவளம் எடுப்பதற்குள் உள்ளங்கை நமைத்தது. நாக்கு தடித்தது. தொண்டைக்குள் எதுவோ அடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்தால் விசில் சத்தம் வந்தது. தட்டு கவிழ்ந்தது. மாமியார் என் முகத்தைப் பார்த்து அலறினார்.

மாமனார் ஓடி வந்தார். என்னைப் பார்த்தார், அப்புறம் மேலே பார்த்தார். "கூரையே இல்லியே, எங்கேர்ந்து கடிச்சுது?" என்றார். அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிறகு குனிந்து கவிழ்ந்த தட்டைப் பார்த்தார். எறாவின் தலையும் ஓடும் கிடந்தன. அவர் முகம் செத்துவிட்டது. கையும் களவுமாக அகப்பட்டது எறா, ஆனால் பிடிபட்டவர் போல நின்றது அவர்.

என் புருஷன் சட்டத்தின் மேலிருந்து குதித்து, ரோட்டில் உப்பு ஏற்றிக்கொண்டு நின்ற லாரியை நிறுத்த ஓடினார். வீட்டிலிருந்து ரோட்டுக்கு அளத்து வரப்பின்மேல்தான் போக வேண்டும். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் ஜனத்தில் மாமனார் மருமகளைத் தொடுவது என்ன, அவர் எதிரில் நாங்கள் உட்காரக்கூட மாட்டோம். அவர் ஒரு நொடி தயங்கினார். அப்புறம் உப்பு மூட்டையைத் தூக்குகிற மாதிரி என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். மூச்சு வாங்க ஓடிக்கொண்டே, "இழு பொண்ணு, மூச்ச இழு, நிறுத்தாத" என்று கத்திக்கொண்டே வந்தார். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் இழுத்தேன்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் தொண்டை இளகி, காற்று உள்ளே போனது. காற்று இத்தனை ருசி என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது. டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதும் மாமனார் முந்திக்கொண்டார். "எறாதாங்க. ஆனா காலைல புடிச்சதுங்க. எங்க வூட்ல கெட்டுப்போனது எதுவும் ஆக்க மாட்டோம்ங்க."

"எறா நல்லாத்தாம்பா இருக்கு. இந்தப் பொண்ணு ஒடம்புக்கு அது ஆகாது. இதுக்கு அலர்ஜின்னு பேரு. சில பேருக்கு முட்டை, சில பேருக்குப் பால், இவளுக்கு எறா. நண்டும் தொட வேணாம். இன்னொரு வாட்டி தின்னா ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேருவாளான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். கூரை இன்னும் போடவில்லை. வெறும் சட்டத்தின் கீழே ஊரே உட்கார்ந்திருந்தது. சேதி கேட்டு என் அம்மாவும் வந்திருந்தாள். மாமனாரின் அக்கா, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், பேச்சைத் தொடங்கினார். "ஏம்பா தம்பி, உப்பளத்துல இருந்துக்கினு எறா ஆவாத பொண்ண வச்சுக்கினு இன்னா பண்ணுவ? நாளைக்கு எதுனா ஆயிட்டா கொலப்பழி உன்மேல. அவ ஆத்தா வந்திருக்குறா, அனுப்பிடு." என் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் கூட்டிக்கினு போறேண்ணே. எம் பொண்ணு எனக்கு உசுரோட வேணும்" என்றாள். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்தார். என் துணி மூட்டை எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் மனசுக்குள் கட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

மாமனார் எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். அந்த எறாச் சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். "எறாவ அனுப்புறேன். பொண்ண எதுக்கு அனுப்பணும்?" என்றார். அக்காள் வாயைத் திறந்தார். "அக்கா, கூரையையே பிரிச்சிட்டேன். சட்டி எம்மாத்திரம்?" என்று அதையும் மூடிவிட்டார்.

மாமியார் உள்ளே போய் ஒரு ஜாடியோடு வந்தார். அதில் கூனிப்பொடி, பொடி எறாவைக் காயவைத்து இடித்தது. "இதையும் எடுத்துக்கினு போங்க. வாசனைக்குன்னு கீரைக்குக் கூட ஒரு சிட்டிகை போடுவேன். அது இவ உசுருக்கே உலை வச்சிருக்குது" என்று சொல்லிவிட்டு அழுதார். கீரை தின்ற அன்று ஏன் தடித்தது என்பது அப்போதுதான் விளங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் நேரே கொட்டகைக்குப் போய், என் மல்லாட்டை மூட்டையை இழுத்துவந்து பழைய மூலையில் வைத்தார். அதற்குள் எலி பாதியைத் தின்றிருந்தது. என் அம்மா உட்கார்ந்து மீதியைப் பொறுக்கிச் சுத்தம் செய்தாள்.

சட்டியும் ஜாடியும் அளத்துக் கொட்டகைக்குக் குடிபோயின. மாமனார் ஆசை வந்தால் அங்கேயே ஆக்கித் தின்பார். தின்ற அன்று வாய்க்காலில் குளித்து, துணி மாற்றி, வேப்பங்குச்சியால் பல் தேய்த்த பிறகும் வீட்டுக்குள் வர மாட்டார். "நான் வெளியவே இருக்கறேம்மா, இன்னிக்கு ஆகாது" என்று வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுக்கொள்வார். குளித்தால் போதும் மாமா என்று நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. என்னை அந்த நிலையில் தோளில் சுமந்தவர் அவர், அவருடைய பயம் அவருக்கு.

தெருவும் மாறியது. பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்தால், கிண்ணத்துக்கு முன்னால் குரல் வரும்: "எறா இல்ல, கூனி இல்ல, தின்னு." கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவர் என்னைக் கண்டதும் வாளியைப் பின்னால் மறைத்துக்கொள்வார். என் விஷயம் வெளியே வந்ததும் மற்றவர்களுக்கும் வாய் திறந்தது. ஒருத்தி தனக்கு முட்டை தின்றால் வயிறு புரட்டுகிறது என்றாள், இத்தனை நாள் பகட்டு என்று சொல்வார்களே என்று விழுங்கிக்கொண்டிருந்தாளாம். இன்னொருத்தி குழந்தைக்கு மாட்டுப்பால் கொடுத்த உடனே சொறி வருவதைச் சொன்னாள். ஊர் வாய்க்குப் பயந்த எனக்கு, அந்த ஊர் வாய்தான் காவலாக இருந்தது. அந்தப் பெண்களுக்கு நான் எந்த ஜென்மத்தில் என்ன திருப்பிக் கொடுப்பது?

எனக்குப் பெண் குழந்தை பிறந்ததும் மாமனாருக்கு ஒரு சங்கடம். எறா தின்ற அன்று பேத்தியைத் தூக்க முடியாது. அவளுக்கும் அம்மாவின் உடம்பு வந்திருந்தால்? அதனால் தின்கிற நாள் குறைந்தது, பிறகு நின்றே போனது. வாய் சும்மா இருக்குமா? என் அம்மா வீட்டு மல்லாட்டையை மடியில் கட்டிக்கொண்டு அளத்துக்குப் போகத் தொடங்கினார். பாத்தி வரப்பெல்லாம் மல்லாட்டைத் தோலாகக் கிடக்கும். விளைச்சல் இல்லாத ஊர் என்று சொன்ன வாய்தானே என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

என் மகள் ஓடித் திரியும் வயதில், அடுத்த வீட்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து ஒரு தட்டு எறாவைத் தின்று தீர்த்தாள். சேதி கேட்டு நாங்கள் பதறிக்கொண்டு ஓடினால், அவள் விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறாள். ஒரு தடிப்பு இல்லை. மாமனார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி, உனக்காவ இத்தினி வருசம் வாயக் கட்டினேனே!" தெருவே சிரித்தது. இனி நீங்களும் தின்னலாமே மாமா என்றேன். "போம்மா, எனக்கு இப்ப மல்லாட்டதான் ருசி" என்றார். அது பொய் என்று எனக்குத் தெரியும். எறா வாசம் காற்றில் வந்தால் அவர் பேச்சு நடுவில் நின்றுபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயத்தில், உப்பு வாருகிற பருவத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். காரியத்தன்று படையல் போட வேண்டும். செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைப்பது வழக்கம். பீடி, வெற்றிலை, சுட்ட கருவாடு எல்லாம் வந்தன. வாய்க்காலில் பிடித்த எறாவை ஒரு பங்காளி துண்டில் முடிந்துகொண்டு வந்து, என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார். நான் மாமியாரிடம் போனேன். "அத்த, இன்னிக்காவது அவருக்கு எறா ஆக்கி வைங்க. நான் முடியற வரைக்கும் பக்கத்து வூட்ல இருக்கறேன். உசுரோட இருக்கும்போது எனக்காவ உட்டவரு" என்றேன். சொல்லி முடிக்க முடியாமல் அழுதேன்.

மாமியார் என் கையைப் பிடித்து இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்.

"நீ எங்கயும் போவாத. எறா வச்சா, தின்னுட்டு வழக்கம்போல வாசல்லயே நின்னுடுவாரு, உள்ள வரமாட்டாரு. மல்லாட்ட வை. அப்பத்தான் வூட்டுக்குள்ள வருவாரு" என்றார்.

நான் எழுந்துபோய் மூலையில் இருந்த மூட்டையை அவிழ்த்தேன்.